வண்டிக்கு வைத்த பொட்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் வாசலில் புதுக் காருக்குப் பூசை போட்டுவிட்டு, நானும் என் கணவரும் கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருந்த வழியில் நடந்தது இது. இன்றைக்கும் ஃபெடரல் நெடுஞ்சாலையில் பத்து தீகா பக்கம் வந்தால் என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடிப் போகிறது.

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். மருந்துப் பெட்டிகளைப் பின் இருக்கையில் அடுக்கிக்கொண்டு பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரை ஓட்டிய மனிதர். எந்த ஊரில் எந்தக் கடையில் பசியாற வேண்டும், எந்த வளைவில் மழைத் தண்ணீர் தேங்கும் என்றெல்லாம் அவருக்கு அத்துப்படி. வாரம் முழுக்க ஓட்டியும் அலுக்காது அவருக்கு. ஞாயிறு வந்தால் போதும், "வா, மாக்கான் ஆங்கின் போலாம்" என்று சாவியை ஆட்டுவார். காற்றைச் சாப்பிடுவது என்று மலாய்க்காரர்கள் சொல்வார்களே, சும்மா காரில் ஊர் சுற்றுவதை, அதுதான்.

பெரும்பாலும் ஈப்போவுக்குத்தான் போவோம். அங்கே போய் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வருவோம். வேறு வேலை ஒன்றும் இருக்காது. அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக அவர் வாயில் போடுவேன். தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள் எனக்குக் கண் சொருகிவிடும். பிறகு அவர் என் முழங்கையைத் தட்டி "ஈப்போ வந்தாச்சு மா" என்று எழுப்பும்வரை ஒன்றும் தெரியாது. வீட்டில் மெத்தையில் படுத்தால்கூட அப்படி ஒரு தூக்கம் எனக்கு வந்ததில்லை.

இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி அவருக்கு ரொம்ப நாளாக இருந்தது. விற்றது மருந்து, ஆனால் தன் மருந்தை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட மாட்டார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கூழ்ப்பானையில் விழுந்த கதைதான். கண்ணுக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்தது. லேசர் பிடித்தார்கள், ஊசி போட்டார்கள். பார்வை முழுதாகப் போய்விடவில்லை. பக்கத்தில் வந்தால் முகம் தெரியும். சிவப்பு, பச்சை தெரியும். ஆனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை நிற்கிறது என்பார். இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் வீட்டுக்கு வந்ததும் வண்டிச் சாவியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வெறும் சாவி வளையத்தை மட்டும் திரும்பக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதுவரை என் லைசென்ஸ் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் நான் ஒழுங்காக வண்டி ஓட்டினேன். அவர் இடது பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவார். அந்தப் பக்கத்துக் கால்மிதி தேய்ந்து நூல் நூலாகப் போய்விட்டது. கேலி செய்தால் சிரிப்பார். ஆனால் சிக்னலில் நிற்கும்போது அவருடைய இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அதனால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கண் மருத்துவமனை பெட்டாலிங் ஜெயாவில். அங்கே போகிற நாளில் மட்டும் கார் வேண்டாம், எல்ஆர்டியில் போகலாம் என்று அடம்பிடிப்பார். காரணம் எனக்குத் தெரியும். அந்த ரயிலில் டிரைவர் கிடையாது. முன்பக்கக் கண்ணாடி ஓரம் போய் நின்றால் தண்டவாளம் நம்மை நோக்கி ஓடிவரும். சின்னப் பிள்ளைகள் அங்கே நின்று கையால் ஸ்டியரிங் சுற்றி விளையாடும். அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் என் வீட்டுக்காரரும் நிற்பார். எவ்வளவு தெரிந்ததோ, வளைவு வந்தால் மட்டும் அவர் உடம்பு வளைவுக்கு ஏற்றபடி சாயும்.

அங்கேதான் அவருக்கு அந்த ஆசை பிடித்தது. தானாக ஓடுகிற கார் வரப்போகிறது என்று எங்கே யார் பேசினாலும் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு கேட்பார். எந்த நாட்டில் ஓடவிட்டிருக்கிறார்கள், எங்கே இடித்தது, ஏன் இடித்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். இடித்த செய்தி வந்தால் சொந்தக்காரன் பரீட்சையில் தோற்ற மாதிரி முகம் வாடிவிடும்.

"டிரைவர் இல்லாத ரயில்ல இத்தன வருஷமா போறோம்லா. யாராச்சும் பயந்து எறங்கியிருக்காங்களா?" என்பார். ரயிலுக்கென்று தனிப் பாதை இருக்கிறது, அதன் முன்னால் கப்சாய் மோட்டார் சைக்கிள் குறுக்கே பாயாது, திடீர் மழையில் கோடு அழியாது, எதிர்த் திசையில் எவனும் வரமாட்டான் என்று நான் வரிசையாகச் சொல்வேன். அவர் விடமாட்டார். மனுசன் மட்டும் யோக்கியமா, கிள்ளானில் ஓட்டுகிறவர்களைப் பார்த்துமா இப்படிப் பேசுகிறாய் என்று கேட்பார்.

பழைய கார் ஓய்ந்துபோனபோது, முன்னால் போகிற வண்டியைப் பார்த்து இடைவெளி விட்டுத் தானே வேகம் குறைத்து நிற்கிற வசதியுள்ள காரைத்தான் வாங்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். ஓட்டிப் பார்க்க ஷா ஆலாமில் ஒரு அகலமான சாலைக்குப் போனோம். விற்பனையாளர் ஒரு சீன இளைஞர், பொறுமைசாலி. முன்பக்கக் கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னால் ஒரு கருவி இருக்கிறது, மேலே கண்ணாடியில் ஒரு கேமரா இருக்கிறது, இவைதான் வண்டிக்குக் கண், சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இது உதவிதானே தவிர டிரைவர் நீங்கள்தான் ஆன்டி என்றும் சொன்னார். முன்னால் போன லோரி நின்றது. எங்கள் கார் மெத்தென்று வேகம் குறைந்து தானாக நின்றது.

"நீ ஒன்னும் மிதிக்கலியா?" என்று என் கணவர் கேட்டார்.

மிதிக்கவில்லை என்றேன்.

அவர் கையை நீட்டி வண்டியின் முன்பலகையை ஒரு தடவை தடவினார்.

அன்று சாயங்காலம் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது மெதுவாக ஆரம்பித்தார். கிள்ளானை அடுத்த மேருவில் தொழிற்சாலைகளுக்கு நடுவே நேரான சாலை ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஈ காக்கை இருக்காது. "ஒரே ஒரு தடவ மா. ஒரு கோடியிலேர்ந்து மறு கோடி வரைக்கும். முன்னால ஏதாச்சும் வந்தா அதுவே நின்னுடும்ல."

சட்டப்படி தப்பு. அறிவுப்படியும் தப்பு. தெரியாமல் இல்லை. ஆனால் அவர் என்னிடம் எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் ஆசையாக இருந்தது. அவர் ஓட்ட வேண்டும், நான் இடது பக்கம் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்க வேண்டும். கண் போனது அவருக்கு, ஆனால் அந்த இடது பக்கத்து இருக்கை போனது எனக்கு. சரி, பூசை போட்ட பிறகு வருகிற ஞாயிறு என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பூசை நன்றாகத்தான் நடந்தது. சாம்பிராணி காட்டி, கற்பூரம் சுற்றி, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார் குருக்கள். பொட்டு வைக்கப் போனபோது என் கணவர், சாமி, முன்பக்கம் நான் வைக்கலாமா என்று கேட்டார். கிண்ணத்தைக் கையில் கொடுத்தார் குருக்கள். இவர் பானெட் விளிம்பைப் பிடித்து, விரலால் தடவித் தடவிக் கீழே வந்து, நடுவில் இருந்த சின்னத்தைக் கண்டுபிடித்தார். பிறகு சந்தனத்தை அள்ளி அப்பினார். பூசினார் என்று சொல்ல முடியாது, அப்பினார். விரலுக்கு அது போதவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவையும் அள்ளினார். அதன் மேல் குங்குமம். அதன் மேல் கனமாக ஒரு மாலை. "நல்லா வைங்க அங்கிள், நல்ல காரியம்தானே" என்று குருக்களும் சிரித்தார். நான் படம் எடுத்தேன். அந்தப் படத்தில் என் கணவரின் முகம் அப்படிச் சிரிக்கிறது.

விற்பனையாளர் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னது எங்கள் இருவருக்குமே நினைவில்தான் இருந்தது. ஆனால் சுத்தம் என்றால் எங்களுக்குச் சேறும் தூசியும்தான். சந்தனம் அழுக்கில் சேராது இல்லையா.

வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பங்சார் பக்கம் வந்தபோது வண்டி கிணிங் என்று ஒரு சத்தம் போட்டு, மீட்டரில் மஞ்சளாக ஏதோ எழுதிக் காட்டியது. புதுக் கார் எதற்கெடுத்தாலும் சத்தம் போடும், புது மருமகளைப் பற்றி மாமியார் சொல்கிற மாதிரிதான். என்ன சத்தம் என்று இவர் கேட்டதற்கு, பெல்ட்டாக இருக்கும் என்று சொல்லி ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அமுக்கி அதை அணைத்துவிட்டேன்.

பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டியதும் சாலை கொஞ்சம் காலியானது. "இப்ப அதப் போடு மா" என்றார். போட்டேன். இடைவெளி பார்த்து ஓடும் அந்த வசதி வேகத்தைத் தொண்ணூறில் பிடித்துக்கொண்டது. காலை எடுத்துவிட்டாயா என்று கேட்டார். எடுத்துவிட்டேன் என்றேன். அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். அது ஞாயிற்றுக்கிழமைக்கான ஒத்திகை. அவர் கண்ணால் பார்க்க வேண்டியதை வண்டி பார்த்துக்கொள்ளுமா என்று உடம்பால் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்து தீகா வருவதற்கு முன் ஒரு வளைவு. அதைத் தாண்டியதும் மூன்று தடங்களும் அடைத்து நின்றன. எல்லாம் சிவப்பு விளக்கு. நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். ஆனால் காலை எடுத்து பிரேக்கில் வைக்கவில்லை. இப்போது குறையும், இப்போது குறையும் என்று காத்திருந்தேன். ஷா ஆலாமில் குறைந்ததே, அந்த மெத்தென்ற குறைவு வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரு சின்னப் பழைய கார். அதன் பின் கண்ணாடியில் வரிசையாகப் பொம்மைகள். அந்தப் பொம்மைகளின் கண் எனக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

"ஏன் இன்னும் கொறையல?" என்றார் என் கணவர்.

கத்தவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். கூடவே அவர் கால் இடது பக்கத் தரையைத் தொம்மென்று மிதித்தது. அந்தச் சத்தத்தில்தான் என் காலுக்கு உயிர் வந்தது. இருந்த பலத்தையெல்லாம் கொடுத்து மிதித்தேன். பெல்ட் நெஞ்சை அறுத்தது. மாலையிலிருந்து பூக்கள் எகிறி முன்கண்ணாடியில் விழுந்தன. வண்டி நின்றபோது முன்னால் இருந்த காரின் நம்பர் பிளேட் என் கண்ணுக்குத் தெரியவில்லை, எங்கள் பானெட் அதை மறைத்திருந்தது. பின்னால் வந்தவர் கோபமாக ஹாரன் அடித்துவிட்டு, எப்படியோ பக்கத்துத் தடத்துக்கு ஒதுங்கினார். முன்காரில் ஒரு பெண் பின் இருக்கையில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றுமே தெரியாது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்த பெட்ரோல் எண்ணெய் நிலையத்தில் வண்டியை ஒதுக்கினேன். அங்கேதான் அந்த மஞ்சள் எழுத்தை முதல் தடவையாக நிதானமாகப் படித்தேன். முன்பக்கக் கருவி மறைக்கப்பட்டிருக்கிறது, இடைவெளி பார்க்கும் வேலை நடக்காது என்று எழுதியிருந்தது. வண்டி தனக்குக் கண் தெரியவில்லை என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. நான்தான் வாயை மூடு என்று பொத்தானை அமுக்கியிருக்கிறேன். வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் அது சொன்ன சொல் தவறாமல் செய்துகொண்டு வந்திருக்கிறது.

இறங்கி முன்பக்கம் போனேன். மாலையை விலக்கினால், சின்னம் இருந்த இடமே தெரியாமல் சந்தனம் பாதி காய்ந்து, பாதி ஈரமாக அப்பியிருந்தது. பக்கத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அம்மா என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, புதுக் காரா என்று கேட்டு, கைப்பையிலிருந்து ஈரத்தாள் பாக்கெட்டை எடுத்து முழுதாக என் கையில் வைத்துவிட்டுப் போனார். நான் துடைக்க ஆரம்பித்தேன். என் கணவரும் கதவைத் திறந்து, வண்டியைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்து நின்றார்.

என்ன ஆச்சு என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. வண்டியின் கண்ணில் சந்தனம் என்றேன். அவர் குனிந்து, நான் துடைத்த இடத்தைத் தன் விரலால் தடவிப் பார்த்தார். "நாந்தானே வச்சேன்" என்றார்.

நான் உள்ளே போய் வண்டியைக் கிளப்பி, நிலையத்தை ஒட்டிய சிறு சாலையில் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் பார்த்து வந்தேன். மஞ்சள் எழுத்து போய்விட்டது. அவர் நின்ற இடத்திலேயே, கையில் அந்த மாலையோடு நின்றுகொண்டிருந்தார். போய்விட்டது, இப்போது சரியாகத் தெரிகிறது அதற்கு என்று சொன்னேன்.

அவர் மாலையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அதுக்குத் தொடச்சாத் தெரியுது."

வெயிலில் எண்ணெய் வாடைக்கு நடுவே, சந்தனம் ஒட்டிய ஈரத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவருக்கு என் கண்ணீர் தெரிந்திருக்காது. ஆனாலும் கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம வேணாம் மா" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அவருக்கு மனக்குறை இருந்திருக்கும். அவரே சொன்னபோது குறை எனக்கு வந்துவிட்டது. வழியெல்லாம் என் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எழுந்து, வேலைக்குப் போகும்போது போடுகிற மாதிரி சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் குளிர்பெட்டியிலிருந்து ஆரஞ்சு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வாங்க என்றேன்.

மேரு சாலை அவர் சொன்ன மாதிரியே வெறிச்சென்றுதான் இருந்தது. ஒரு தொழிற்சாலை மதில் ஓரம் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை என் கைப்பைக்குள் போட்டேன். இறங்கிச் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். மாறி உட்காருங்க என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. வலது பக்கம் ஏறி உட்கார்ந்து, இருக்கையைத் தன் காலுக்குத் தகுந்தபடி பின்னால் தள்ளினார். கண்ணாடியைச் சரிசெய்தார், அதில் ஒன்றும் தெரியாது என்றாலும். பிறகு ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தார். அந்தக் கைகளை அப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது.

நான் ஆரஞ்சு உரித்தேன். சுளையை நீட்டினேன். ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல் வாயைத் திறந்தார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. காலை வெயில் மடியில் இதமாக விழுந்தது. நான் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்றுதான் மூடினேன். நிஜமாகவே தூங்கிவிட்டேன்.

முழங்கையில் தட்டல் விழுந்தது.

"ஈப்போ வந்தாச்சு மா."

விழித்துப் பார்த்தேன். அதே மதில், அதே சாலை. அவர் கை இன்னும் ஸ்டியரிங்கில் இருந்தது. நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, அதுக்குள்ளேயா என்று கேட்டேன். ரோடு காலி, அதான் என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு யாருக்கும் உடனே இறங்க மனம் வரவில்லை.

இப்போதும் தினம் காலையில் வெளியே கிளம்புவதற்கு முன் ஈரத்துணியால் அந்தச் சின்னத்தையும் மேலே கேமரா இருக்கும் இடத்தையும் துடைக்கிறேன். வெள்ளிக்கிழமைச் சந்தனம் ஸ்டியரிங்குக்கு மட்டும்தான், துளியாக. துடைக்கும் சத்தம் கேட்டால் உள்ளேயிருந்து, அதுக்குத் தெரியுதா என்று கேட்பார். தெரியுது என்பேன். மீட்டரில் எந்த எழுத்து வந்தாலும் படிக்காமல் அணைப்பதில்லை. கண் தெரியாதவரையும் ஏற்றிக்கொண்டு பத்திரமாகப் போகிற கார் ஒரு நாள் வரத்தான் போகிறது என்று அவர் இன்னும் கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார். இடித்த செய்தி வந்தால் இப்போதெல்லாம் என் முகமும் வாடுகிறது. வரட்டும், அவசரமில்லை, நன்றாகக் கற்றுக்கொண்டே வரட்டும். ஆனால் நாங்கள் இருவரும் இருக்கும்போதே வந்துவிட வேண்டும் என்று மட்டும், ஆரஞ்சு உரிக்கும் ஒவ்வொரு முறையும் என் மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது.